நரம்பின் குற்றமும் மின்சாரத்தின் குற்றமும்: மின்கிடாரின் இரைச்சல் வரலாறு

யாழ் நரம்பின் குற்றங்களைப் பழைய இசைத்தமிழ் மரபு செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்காக வகுத்துச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தை உரையுடன் பயின்றவர்கள் இச்சொற்களைக் கடந்து வந்திருப்பார்கள். பண்ணோடு இயையாத, இன்பமற்ற ஓசை செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. தன் ஓசை தெளிவுற வெளிப்படாமல் மழுங்கி ஒலிப்பது கூடம். இழைந்து வராமல் சிதறி ஒலிப்பது அதிர்வு. சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன், தன்முன் வைக்கப்படும் யாழ்களை ஆராய்ந்து, மரத்தில் இன்ன குற்றம், நரம்பில் இன்ன குற்றம் என்று காரணம் காட்டி ஒதுக்குகிறான். நல்ல இசைக்கு முன்னால் வேண்டாத ஒலியின் பிறப்பிடத்தைக் கண்டறிய வேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று.

இந்நான்கு குற்றங்களுக்கும் பொதுவான தன்மை ஒன்று உண்டு. மரம், நரம்பு, இசைப்பவன் கை ஆகிய மூன்றனுள் ஏதோ ஒன்றிலிருந்தே அவை பிறக்கின்றன. நரம்பைத் தொடாதவரை யாழ் குற்றமற்றது. ஏனெனில் அது மௌனமாக இருக்கிறது. 1930களில் அமெரிக்காவில் பிறந்த மின்கிடார் இந்த எளிய உண்மையைப் பொய்யாக்கிற்று. எவரும் தொடாமல் நாற்காலியின்மேல் கிடக்கும்போதும் அது ஒலித்தது. தாழ்ந்த குரலில், இடைவிடாமல், ஒரே சுருதியில் ஒலித்தது. ஒலிப்பொறியாளர்கள் அதற்கு ‘ஹம்’ என்று பெயரிட்டார்கள்.

இந்த ஹம்மை வெளியேற்ற மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு சுவையானது. அதைவிடச் சுவையானது, அதே ஆண்டுகளில், பெரும்பாலும் அதே மனிதர்களின் கைகளில், வேறு சில இரைச்சல்கள் இசையாக ஏற்றுக்கொள்ளப்பட்டன என்பது. ஓர் இரைச்சல் துரத்தப்பட்டது. மற்றோர் இரைச்சல் அரியணை ஏறியது. இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை என்ன என்பதே நாம் இங்கே காண முயல்வது.

சுருளின் செவி

1920களின் நடன அரங்குகளில் கிடார் ஓர் ஏழைக் கருவி. ட்ரம்பெட், சாக்ஸஃபோன் போன்ற காற்றுக் கருவிகளின் முழக்கத்துக்கு நடுவே அதன் குரல் எடுபடவில்லை. ஹவாய் பாணிக் கிடார் வாசித்து வந்த ஜார்ஜ் பீச்சம் இக்குறையைத் தீர்க்க முனைந்தவர்களுள் ஒருவர். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1931இல் அவர் உருவாக்கிய மாதிரிக் கருவி, வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் ‘வாணலி’ என்றே செல்லப்பெயர் பெற்றது. 1932இல் அது விற்பனைக்கு வந்தது. 1934இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல் கிடைத்தது.

அதன் தத்துவம் மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி, அதனை எஃகுத் தந்திகளுக்கு அருகில் வைக்கிறார்கள். இந்த அமைப்புக்குப் ‘பிக்கப்’ என்று பெயர். காந்தத்தின் அருகிலுள்ள தந்தியும் சற்றே காந்தத்தன்மை பெறுகிறது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்புகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. சுற்றப்படும் கம்பி தலைமயிரைவிட மெல்லியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற கிப்சன் நிறுவனத்தின் பி-90 பிக்கப்பில் அதன் சுற்றுகள் ஏறத்தாழ 10,000.

இத்தனை சுற்றுகள் கொண்ட சுருள் மிகக் கூர்மையான செவி. ஆயின் அதற்குத் தேர்ந்து கேட்கத் தெரியாது. தந்தி அசைத்த காந்தப்புலமும், அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரோ மின்விளக்கின் சோக்கோ எழுப்பும் காந்தப்புலமும் அதற்கு ஒன்றே. வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். அமெரிக்காவில் அது விநாடிக்கு 60 முறையும், இந்தியாவிலும் இங்கிலாந்திலும் 50 முறையும் ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டத்தைச் சுருள் அப்படியே பற்றிக்கொண்டு, அதன் மடங்குகளோடு சேர்த்து ஒலிக்கிறது. கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் சுமார் 82. மின்சாரத்தின் சுருதி அதற்கும் கீழே, கருவியின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. அமெரிக்காவின் 60 எந்தச் சுரத்திலும் சரியாக அமராமல் ஏ-ஷார்ப்புக்கும் பி-க்கும் இடையில் விழுகிறது. நம் நாட்டின் 50, ஜி என்னும் சுரத்துக்கு மிக அருகில் வந்து, ஆனால் அதனோடு பொருந்தாமல் நிற்கிறது.

தொடக்கத்தில் இது பெரிய இடையூறாகத் தோன்றவில்லை. 1936இல் கிப்சன் வெளியிட்ட இஎஸ்-150 கிடாரை வாசித்துப் புகழ்பெற்ற சார்லி கிறிஸ்டியன், 1939இல் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, கிடாரைத் தாளத்துணை என்ற நிலையிலிருந்து தனிக்குரல் என்ற நிலைக்கு உயர்த்தினார். 1942இல் இருபத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். அவர் காலத்து ஆம்ப்ளிஃபையர்கள் சிறியவை. சுற்றிலும் வாத்தியக்குழுவின் முழக்கம். ஹம் அதில் மறைந்துபோயிற்று. 1950இல் ஃபெண்டர் நிறுவனம் திண்ணிய மரப்பலகையால் ஆன கிடாரை விற்கத் தொடங்கியது. 1952இல் கிப்சன் தன் லெஸ் பால் கிடாரை வெளியிட்டது. ஆம்ப்ளிஃபையர்களின் ஆற்றல் வளர்ந்தது. ஒலியைப் பெருக்கியபோது, ஒலிக்கு நடுவிலிருந்த மௌனத்தையும் பெருக்க வேண்டியதாயிற்று. அந்த மௌனத்தில் ஹம் குடியிருந்தது.

இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு

மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரில் கிப்சன் தொழிற்சாலை இருந்தது. 1910இல் அதே ஊரில் பிறந்த சேத் லவர் வானொலிப் பழுதுபார்ப்பில் தேர்ந்தவர். அமெரிக்கக் கடற்படையிலும் மின்னணுத்துறையில் பணியாற்றியவர். கிப்சனில் நிலையாகச் சேர்ந்தபின், ஹம் இல்லாத பிக்கப் ஒன்றை உருவாக்கும் பணியில் இறங்கினார்.

அவர் கண்ட தீர்வு, இலக்கணம் பயின்ற நமக்கு மிகவும் நெருக்கமானது. இரண்டு எதிர்மறைகள் சேர்ந்தால் உடன்பாட்டுப் பொருள் தரும் என்று படித்திருக்கிறோம். ‘வாராமல் இரான்’ என்றால் வருவான் என்பது பொருள். லவர் ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். அவற்றின் அடியில் ஒரே ஒரு காந்தப்பட்டை. முதல் சுருளின் நடுவிலுள்ள இரும்பு முனைகள் காந்தத்தின் வடதுருவத்தைத் தொட்டன என்றால், இரண்டாம் சுருளின் முனைகள் தென்துருவத்தைத் தொட்டன. மின்னோட்டத்தின் திசையிலும் இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தார்.

வெளியிலிருந்து வரும் ஹம்முக்குப் பிக்கப்பின் காந்தத்தோடு எந்த உறவும் இல்லை. அது இரண்டு சுருள்களிலும் ஒரே வகையாக நுழைகிறது. எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதற்கு நேர்ந்தது ஓர் எதிர்மறை மட்டுமே. தந்தியின் ஒலியோ காந்தத்தின் வழியாகப் பிறக்கிறது. துருவம் மாறியதால் அது ஒருமுறை தலைகீழாகிறது. இணைப்பு மாறியதால் மறுமுறை தலைகீழாகிறது. எனவே நேராகி, முதல் சுருளின் ஒலியோடு கூடி வலுப்பெறுகிறது. தந்தியிலிருந்து வந்தது, வெளியிலிருந்து வந்தது என்ற பாகுபாட்டை அறியாத சுருளுக்கு அந்தப் பாகுபாட்டைக் கற்றுக்கொடுத்தது லவரின் சாதனை.

ஹம்மை எதிர்ச்சுருளால் அழிக்கும் உத்தி ஆம்ப்ளிஃபையர்களிலும் ஸ்பீக்கர்களிலும் முன்பே வழங்கியதுதான். அதனைத் தந்திக் கருவியின் பிக்கப்பில் செம்மையாகப் பொருத்தியதே அவர் பங்களிப்பு. 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957இல் லெஸ் பால் கிடார்களில் இந்தப் பிக்கப் இடம்பெற்றது. ஹம்மை எதிர்த்து நிற்பது என்ற பொருளில் அதற்கு ‘ஹம்பக்கர்’ என்று பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் ரே பட்ஸ் என்பவரும், செட் அட்கின்ஸ் என்ற கிடார் கலைஞருக்காக, தனியே உழைத்து இதே தீர்வை அடைந்தார். அது கிரெட்ச் நிறுவனத்தின் கிடார்களில் இடம்பெற்றது. இருவரின் காப்புரிமைகளும் 1959ஆம் ஆண்டின் கோடையில் சில வார இடைவெளியில் வழங்கப்பட்டன.

ஒரு சிறு வேடிக்கை. காப்புரிமை கிடைப்பதற்கு முந்தைய பிக்கப்களின் அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சீட்டைக் கிப்சன் ஒட்டியது. காப்புரிமை கிடைத்தபின்னும் சில ஆண்டுகள் அதே சீட்டு தொடர்ந்தது. பிறகு ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்ட எண், லவரின் காப்புரிமை எண் அன்று; தந்திகளைப் பிணைக்கும் ஓர் உறுப்புக்காக லெஸ் பால் பெற்ற காப்புரிமையின் எண். பழைய சீட்டு ஒட்டிய பிக்கப்களை இன்று சேகரிப்பாளர்கள் பெருவிலை கொடுத்து வாங்குகிறார்கள்.

மருந்தின் விலை

ஹம் ஒழிந்தது என்றால் எல்லோரும் ஹம்பக்கருக்கு மாறியிருக்க வேண்டுமல்லவா? அவ்வாறு நிகழவில்லை. ஃபெண்டர் 1954இல் வெளியிட்ட ஸ்ட்ரேட்டோகாஸ்டர் ஒற்றைச் சுருள்களோடுதான் வந்தது. இன்றும் அதன் வழக்கமான வடிவம் அதுவே. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் மேடையில் வாசித்ததும் அக்கருவியையே.

காரணம் செவிக்குத் தெரியும். ஒற்றைச் சுருள் தந்தியின் ஓரிடத்தை மட்டும் கேட்கிறது. இரட்டைச் சுருள் அடுத்தடுத்த இரண்டு இடங்களைக் கேட்டுக் கூட்டுகிறது. தந்தியின் உயர்ந்த மடங்கதிர்வுகள் சில, அவ்விரு இடங்களிலும் எதிரெதிராக இருப்பதால், கூட்டும்போது அழிந்துபோகின்றன. கம்பியின் சுற்றுகள் கூடுவதாலும் உச்ச ஒலிகள் தேய்கின்றன. ஒலி தடித்து, வழவழப்பாகி, சற்றே மங்கிவிடுகிறது. ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற ஒலிக்குப் பழகியவர்கள் ஹம்பக்கரின்மேல் சொல்லும் குறை, பழைய சொல்லில் கூறினால், கூடம் என்பதே. செம்பகையை நீக்கப் போய்க் கூடம் வந்து சேர்ந்தது.

லவர் இதனை அறியாதவரல்லர். பிக்கப்பை மூடும் உலோக உறைக்குப் பித்தளையைத் தவிர்த்து ஜெர்மன் சில்வரைத் தேர்ந்தெடுத்ததே, உறை உச்ச ஒலிகளை விழுங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். 1967இல் அவர் கிப்சனைவிட்டு ஃபெண்டருக்குச் சென்றார். அங்கே, ஹம்மும் இன்றிப் பளிச்சென்றும் ஒலிக்கும் இரட்டைச் சுருள் ஒன்றைச் செப்பு, நிக்கல், இரும்பு கலந்த காந்தங்களைக் கொண்டு வடிவமைத்தார். 1970களின் தொடக்கத்தில் அது டெலிகாஸ்டர் கிடார்களில் இடம்பெற்றது. அதற்கும் அன்பர்கள் உண்டு. ஆயினும் ஒற்றைச் சுருளின் இடத்தை அது பிடிக்கவில்லை. பின்னாளில் ஸ்ட்ரேட்டோகாஸ்டரின் நடுச் சுருளை மட்டும் எதிர்த்துருவமும் எதிர்ச்சுற்றுமாக அமைத்து, இரண்டு சுருள்கள் சேர்ந்து ஒலிக்கும் நிலைகளில் மட்டும் ஹம்மை ஒழிக்கும் சமரசம் வழக்கத்துக்கு வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுருள்களும் வந்தன. எல்லாம் ஏதோ ஒரு விலையைக் கேட்டன.

தேடும் முறை

ஹம்பக்கர் தீர்ப்பது ஒருவகை நோயை மட்டுமே. மின்கிடாரின் இரைச்சல்கள் பலவகை. அவற்றைத் தேடிப் பிரித்தறியும் முறை ஒன்று பழுதுபார்ப்போரிடையே முக்கால் நூற்றாண்டாக வளர்ந்து வந்திருக்கிறது. அது சீவகனின் முறைதான். ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பது.

முதலில் கிடாரிலிருந்து வயரை எடுத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் முனையிலிருந்தும் பிடுங்கிவிட வேண்டும். அப்போதும் ஹம் நீடித்தால் நோய் ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. மின்னோட்டத்தைச் சமப்படுத்தும் கெபாசிட்டர்கள் வயதாகித் தளர்ந்திருக்கக்கூடும்; அப்போது நம் நாட்டில் எழும் ஒலி பெரும்பாலும் 100 அதிர்வெண் உடையது. பழைய கருவிகளில் இது மிகச் சாதாரணம். வயரை மாட்டி, கிடாரின் வால்யூம் குமிழை முற்றும் குறைத்த பிறகும் இரைச்சல் இருந்தால் வயரையோ அது செருகும் ஜாக்கையோ ஐயுறலாம். குமிழைக் குறைத்ததும் மறைந்தால், குற்றம் கிடாரின் பிக்கப் பக்கம் இருக்கிறது.

அடுத்து, கிடாரை மடியில் வைத்தபடியே மெல்லத் திரும்ப வேண்டும். திசைக்குத் திசை ஹம் கூடிக் குறைந்தால் அது காந்தப்புலத்தால் வருவது. ஒரு திசையில் ஏறக்குறைய மறைந்தேவிடும்; ஒற்றைச் சுருளோடு வாழும் கலைஞர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தத் திசையைத் தேடி அமர்வார்கள். அதன்பின் தந்திகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதும் ‘பஸ்’ என்ற கரகரப்பு அடங்கினால் அது மின்புலத்தால் வருவது. நம் உடல் ஓர் ஏரியலைப் போல அந்த இரைச்சலை வாங்கி அருகிலுள்ள கருவிக்குத் தருகிறது. எர்த்தோடு இணைந்த தந்தியைத் தொட்டதும் உடலே ஒரு கவசமாகிவிடுகிறது. கிடாரின் உட்குழியைச் செப்புத்தாளால் வேய்ந்து எர்த்தோடு இணைப்பது இதற்கு மருந்து. குமிழைத் திருகும்போது மட்டும் எழும் பொரபொரப்புக்குக் காரணம் குமிழின் உள்ளே படிந்த தூசி. உரத்து வைக்கும்போது மட்டும் கீச்சிடுவது பிக்கப்பின் சுருள் தளர்ந்து தானே அதிர்வதால். மெழுகில் தோய்த்து இறுக்கினால் அடங்கும்.

இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை ஒரே கிடாரோடு இணைக்கும்போது எழும் ஹம் வேறுவகை. இரண்டும் வெவ்வேறு பிளக்குகளின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. வயர்களின் வழியாகவும் தம்முள் இணைந்திருக்கின்றன. இந்த வட்டமே ஒரு பெரிய சுருளாகி ஹம்மைப் பற்றுகிறது. இரண்டையும் ஒரே பலகையில் செருகுவதாலோ, இடையில் தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதாலோ இதைத் தீர்க்கலாம். இவற்றைவிட எளிய வழியாகச் சிலர் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடுகிறார்கள். ஹம் உடனே நின்றுவிடும். இங்கேதான் இரைச்சலின் வரலாறு இசையின் எல்லையைத் தாண்டுகிறது.

கிடார் வாசிப்பவன் தந்திகளைப் பற்றியிருக்கிறான். தந்திகள் வயரின் வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலோடு இணைந்துள்ளன. ஆம்ப்ளிஃபையரில் மின்கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டியது எர்த் கம்பி. அது துண்டிக்கப்பட்டிருந்தால் தந்திகளில் மின்சாரம் காத்திருக்கும். எதிரேயுள்ள மைக்ரோஃபோனைக் கையோ உதடோ தொட்டதும் அது உடலின் வழியாகப் பாய்கிறது. குறை மைக்ரோஃபோன் பக்கம் இருந்தாலும் விளைவு இதுவே. 1965 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகர மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், தன் கிடார் மைக்ரோஃபோன் தாங்கியில் பட்டதும் நினைவிழந்து வீழ்ந்தார், பிழைத்துக்கொண்டார். 1972 மே 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்ரோஃபோனைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 27.

இரைச்சலை நீக்குவதற்காக எர்த்தை நீக்கலாகாது என்பதை ஒவ்வொரு பழுதுபார்க்கும் நூலும் வற்புறுத்துகிறது. மேடைகளிலும் கல்லூரி விழாக்களிலும் மூன்று முனைப் பிளக்கின் ஒரு முனை வெட்டப்பட்டிருப்பதைக் காண்போர் இதனை நினைவில் கொள்வது நலம். ஹம் பெரும்பாலும் ஓர் எரிச்சல் மட்டுமே. சில வேளைகளில் எங்கோ ஓர் இணைப்பு அறுந்திருக்கிறது என்ற எச்சரிக்கையும் ஆகும்.

குற்றங்கள் குணமான கதை

இனி வரலாற்றின் மறுபக்கத்துக்கு வருவோம். 1951 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு ஐக் டர்னரின் குழுவினர் வந்தபோது, கிடார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் வழியில் சேதமடைந்திருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருந்த இடத்தில் ஃபிலிப்ஸ் காகிதத்தைத் திணித்துப் பதிவைத் தொடர்ந்தார். கரகரத்த அந்த ஒலியோடு ‘ராக்கெட் 88’ வெளிவந்து பெருவெற்றி பெற்றது. பழுது பழுதாகவே பதிவாயிற்று. எவரும் அதற்காக வருந்தவில்லை.

1958இல் லிங்க் ரே, ‘ரம்பிள்’ என்ற இசைத்துண்டுக்காகத் தம் ஸ்பீக்கரில் தாமே துளைகள் இட்டார். சொல்லே இல்லாத அந்த இசையைச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றின் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறினார். ‘யூ ரியலி காட் மி’ பிறந்தது. இவற்றுக்கு நடுவே நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலை ஒலிப்பதிவு செய்தபோது, ஒலிக்கலவைக் கருவியின் ஒரு பகுதி பழுதுற்று, கிரேடி மார்ட்டின் வாசித்த பாஸ் இசை உறுமலாகப் பதிவாயிற்று. 1961இல் வெளிவந்த அப்பாடலின் உறுமலைக் கேட்டு மற்றவர்களும் அதையே வேண்டினர். பொறியாளர் க்ளென் ஸ்னோடி அந்தப் பழுதைச் செயற்கையாக உண்டாக்கும் சுற்று ஒன்றை அமைத்தார். 1962இல் அது ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில், காலால் அழுத்தும் சிறு பெட்டியாக விற்பனைக்கு வந்தது. விற்றது கிப்சன் நிறுவனம். 1957இல் இரைச்சலற்ற பிக்கப்பை விற்ற அதே நிறுவனம் ஐந்தே ஆண்டுகளில் இரைச்சலைப் பெட்டியில் அடைத்து விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாடலில் அது ஒலித்தபின் உலகமே அதைக் கேட்டது.

இது முரண்பாடா? பழைய வகுப்பைக் கொண்டு பார்த்தால் விடை தெளிவாகிறது. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு, சிதறி ஒலிப்பது அதிர்வு. இவ்விரண்டும் நரம்பிலிருந்து பிறப்பவை. ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் செலுத்தும்போது ஒலியலையின் உச்சி வெட்டுண்டு புதிய ஒலிகள் தோன்றுகின்றன. ஆயின் தனிச்சுரத்தை வாசிக்கும்போது அப்புதிய ஒலிகள் அச்சுரத்தின் மடங்குகளாகவே அமைகின்றன. சுரம் மாறினால் அவையும் மாறுகின்றன. மெல்லத் தொட்டால் அடங்குகின்றன. அழுத்தி மீட்டினால் சீறுகின்றன. வாசிப்பவனின் கை அவற்றை ஆள்கிறது. நம் தம்பூராவிலும் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலிழையை வைத்து, கார்வை மிக்க ஒரு கரகரப்பை வேண்டியே வரவழைக்கிறோம். அந்த இழையின் பெயர் ஜீவா.

ஹம் அவ்வாறன்று. எந்தச் சுரத்தை வாசித்தாலும் அது தன் 50இலோ 60இலோ மாறாமல் நிற்கிறது. மென்மையாக வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் அதற்கு ஒன்றே. வாசிக்காவிட்டாலும் ஒன்றே. பழைய நான்கனுள் அதனை எங்கேனும் வைக்க வேண்டுமெனில், பண்ணோடு இயையாத செம்பகை என்றே வைக்க வேண்டும்.

ஸ்பீக்கரின் ஒலி கிடாரை அதிரவைத்துத் திரும்பத் திரும்பச் சுழலும் ஃபீட்பேக்கையும் இதே அளவுகோலால் அளக்கலாம். 1964இல் பீட்டில்ஸின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடல் ஒரு ஃபீட்பேக் ஒலியோடு தொடங்கியது. ஹென்ட்ரிக்ஸ், ஸ்பீக்கருக்கு முன் தாம் நிற்கும் இடத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி அதனைப் பாடவைத்தார். அது தந்தியின் வழியாகச் சுழல்வது, எனவே இசையாயிற்று. தளர்ந்த சுருள் தானே அதிர்ந்து எழுப்பும் கீச்சொலியும் பௌதிகத்தில் ஒருவகை ஃபீட்பேக்தான். ஆனால் அது தந்தியைத் தொடாமல் சுழல்கிறது. அதனை மெழுகில் தோய்த்து அடக்கிவிடுகிறார்கள்.

இவ்விரு வரலாறுகளும் 1966இல் லண்டன் டெக்கா ஒலிப்பதிவுக் கூடத்தில் சந்தித்தன. ஜான் மேயாலின் ப்ளூஸ் பிரேக்கர்ஸ் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்த இசைத்தட்டு அங்கே பதிவாயிற்று. கிளாப்டன் கையிலிருந்தது ஹம்பக்கர் பொருத்திய லெஸ் பால் கிடார். கிப்சன் 1960க்குப்பின் அவ்வடிவத்தைக் கைவிட்டிருந்தது. அதனை மார்ஷல் ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, கூடத்தின் வழக்கத்தை மீறி உரத்து வாசித்தார். தடித்து, நீண்டு, சீறிய அந்த ஒலி பின்வந்த ராக் இசைக்கு இலக்கணமாயிற்று. 1968இல் கிப்சன் பழைய லெஸ் பாலை மீண்டும் செய்யத் தொடங்கியது.

இதில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஒலியை எல்லைமீறிப் பெருக்கும்போது உரத்த ஒலிகள் வெட்டுண்டு நின்றுவிடுகின்றன. மெல்லிய ஒலிகள் மேலெழுகின்றன. ஹம் ஒரு மெல்லிய ஒலி. ஒற்றைச் சுருளோடு இவ்வளவு பெருக்கினால், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் அதுவே முழங்கும். ஹம்மைத் துரத்திய பிறகுதான் ஆர்ப்பை இந்த அளவுக்கு அழைக்க முடிந்தது. தூய ஒலியை விரும்பி லவர் செய்த கருவி, அவர் எண்ணியிராத அளவு இரைச்சலுக்கு வழிவகுத்தது. 1970களில் தொடங்கிக் கனராக் இசையின் பெரும்பகுதி ஹம்பக்கரின்மேல் எழுந்ததற்கு இது ஒரு முதன்மையான காரணம்.

சேத் லவர் 1997இல் மறைந்தார். சோக் வைத்த குழல்விளக்குகளின் இடத்தை எல்இடி விளக்குகளும் செல்பேசிச் சார்ஜர்களும் பிடித்துவிட்ட இன்று, இரைச்சலின் ஊற்றுகள் மாறியிருக்கின்றன. அதன் சுருதி உயர்ந்து கூர்மையாகியிருக்கிறது. கணினி வழியாகவே ஹம்மைக் கணித்து நீக்கும் மென்பொருள்களும் வந்துவிட்டன. ஆயினும் ஒற்றைச் சுருள் கிடாரை எடுத்து, அறையில் ஹம் அடங்கும் ஒரு திசையை நோக்கித் திரும்பி அமரும் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த ஒலியை விரும்புபவர்கள் அல்லர். அதனை முற்றும் நீக்கினால் தந்தியின் குரலில் எவ்வளவு குறையும் என்று அளந்து பார்த்தவர்கள்.